வில்லங்கமில்லா முன்னோர்

மதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே எழுபது வருஷங்களாக உலகமெங்கும் நடந்துவந்த பெருஞ்சண்டை, மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, ஐந்தே முக்காலுக்குள் அடியோடு தீர்த்துவைக்கப்பட்டது. நடுவில் காப்பிக்கும் காராபூந்திக்கும் ஒதுக்கிய கால் மணியைக் கழித்தால் நிகர வேலை நேரம் சரியாக ஒரு மணி. சீமையில் பாதிரிமார்களும் பேராசிரியர்களும் இன்னும் இதைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள் என்றால், அவர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

தீர்த்துவைத்தவர் ரிட்டையர்டு சப்-ரிஜிஸ்திரார் சிவனாண்டி அவர்கள். ஊர் வாயில் 'ரிஜிஸ்தர் ஐயா'. முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் பதிந்த மனிதர். உத்தியோகம் போனாலும் கண் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் நான்கெல்லை எங்கே என்று தேடுவார். சூரியன் உதிப்பதைப் பார்த்து, 'கிழக்கெல்லையில் தகராறு இல்லை' என்று திருப்திப்பட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் பரிணாமத் தத்துவத்தில் இறங்கியது ஞான வேட்கையால்தான் என்று சொல்ல நமக்கும் ஆசை. உண்மையில் அது ஓர் எழுத்துப் பிழையால் நேர்ந்தது. பிழை நோட்டீஸில் இல்லை, வாசித்தவரிடம்.

முப்பத்தைந்தாம் வருஷம் மாசி மாதம். வாசகசாலைக்காரர்கள் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்து, தலைமை வகிக்க ஐயாவைக் கேட்டுக்கொண்டார்கள். தலைமை வகிப்பது ஐயாவுக்குப் பத்திரம் பதிவதைப் போலவே பழகிய வேலை. மாலையை வாங்கிக்கொள்ள வேண்டும்; தம் உத்தியோக காலத்தைப் பற்றி இருபது நிமிஷம் முன்னுரை சொல்ல வேண்டும்; பிறகு கண்ணை மூடி 'ஆழ்ந்து கேட்க' வேண்டும்; கைதட்டல் சத்தம் வந்ததும் விழித்து முடிவுரை கூற வேண்டும். நோட்டீஸில் 'உயிர்களின் பரிணாமம்' என்று அச்சாகியிருந்தது. ஐயா அதை 'உயிர்களின் பரிணயம்' என்று வாசித்துவிட்டார். பரிணயம் என்றால் கல்யாணம். நல்ல விஷயம்தானே என்று மனப்பூர்வமாகச் சம்மதித்தார்.

பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசினார். குரங்குக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். ஐயா ஆழ்ந்து கேட்டார். குறட்டை லேசாகத்தான் வந்தது. கைதட்டல் எழுந்ததும் அவரும் எழுந்தார்.

"பேராசிரியர் அவர்கள் கூறிய ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம்," என்று ஆரம்பித்தார். "இதை நான் ஏதோ புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் பாட்டனார் காலந்தொட்டு எங்கள் குடும்பத்திலேயே கண்ணாரக் கண்டுவரும் விஷயம். என் தகப்பனாருக்கு இது நடந்தது. எனக்கும் நடந்தது. நடந்து நாற்பது வருஷம் ஆகியும் அந்த மாற்றத்திலிருந்து நான் மீளவில்லை. ஆண்டவன் கிருபையால் என் மகனுக்கும் வருகிற வைகாசியில் நடக்கப்போகிறது. அனைவரும் வந்திருந்து ஆசீர்வதிக்க வேண்டும்!"

முன்வரிசையில் இரண்டு பேர், மரியாதை குறையாமல், ஐயாவின் அங்கவஸ்திரம் தொங்கும் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்கள். பேராசிரியர் மட்டும் கண் கலங்கினார். பத்து ஊரில் பேசியும் இத்தனை வெளிப்படையாகத் தம் கட்சியை ஏற்றுக்கொண்ட பெரிய மனிதரை அவர் கண்டதில்லை. கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

ஐயா வீடு வந்து சேருவதற்கு முன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அவர் மனைவி செல்லக்கிளி அம்மாள் நிலைப்படியிலேயே நின்றாள்.

"உங்க தாத்தா குரங்குன்னு நாலு பேரு முன்னாடி ஒத்துக்கிட்டீகளாமே?"

"யார் சொன்னது?"

"பால்காரன் சொன்னான், பூக்காரி சொன்னா. எங்க அப்பா என்னைய இந்த வீட்டுல குடுக்கையிலயே உங்க வகையறாவை நெனச்சுச் சந்தேகப்பட்டாரு. நாந்தான் வெறும் பேச்சுன்னு இருந்துட்டேன். இம்புட்டு வருசங் கழிச்சு நீங்களே வாயால சொல்லிட்டீக."

அன்று ராத்திரி அவள் அவருக்கு இலையில் சோற்றோடு வாழைப்பழமும் சேர்த்து வைத்தாள். வைத்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

வீட்டுச் சங்கடம் இதோடு முடிந்திருந்தால் ஐயா தாங்கியிருப்பார். ஆனால் அவர் வாழ்நாள் ஆசை ஒன்று இதில் மாட்டிக்கொண்டது. திருப்பரங்குன்றம் போகிற சாலையில் ஓர் ஆஞ்சநேயர் கோயில். அதற்குத் தர்மகர்த்தா ஸ்தானம் காலியாகி ஆறு மாதம். அந்த ஸ்தானத்துக்கு ஐயாவை நியமிப்பதென்று கோயில் கமிட்டி ஏறக்குறைய முடிவு செய்திருந்தது. தர்மகர்த்தா என்றால் லேசா? திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் தலைக்குத்தான். தாசில்தாரே வந்தாலும் இரண்டாவது. அந்தப் பரிவட்டத்தை நினைத்துத் தினமும் குளித்தபின் ஈரத் துண்டைத் தலையில் கட்டி ஐயா கண்ணாடியில் ஒத்திகை பார்ப்பது செல்லக்கிளிக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் காலை கோயில் பட்டர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ரிஜிஸ்தர்வாள், கமிட்டியிலே ஒரே கொந்தளிப்பு. மனுஷாளை பகவான் படைக்கலை, குரங்குதான் படைச்சதுன்னு பேசிட்டேளாமே. வாபஸ் வாங்கிண்டுடுங்கோ. இல்லேன்னா நியமனம் சிரமம்."

வாபஸ் வாங்க ஐயா தயாராகத்தான் இருந்தார். துரதிருஷ்டவசமாக, அவர் வாங்குவதற்குள் அந்த வாரத் தபாலில் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சென்னைப் பேராசிரியர் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் மதுரை விஜயத்தைப் பற்றி எழுதி, 'தம் சொந்த வம்சத்தையே சாட்சியாக நிறுத்திய தீரர்' என்று ஐயாவைப் புகழ்ந்திருந்தாராம். துரை அதை வாசித்தாராம். மெச்சினாராம். அடுத்த பட்டத்துக்குப் பெயர்கள் அனுப்பும் சமயமாம். ராவ் சாகிப்!

ஒரு கண்ணில் பரிவட்டம், ஒரு கண்ணில் ராவ் சாகிப். குரங்கை ஒப்புக்கொண்டால் அது போகும். மறுத்தால் இது போகும். மனித குலத்தின் மூலாதாரமான கேள்வி ஒன்று இவ்வளவு கூர்மையாக வேறு எந்தத் தத்துவ ஞானியின் தூக்கத்தையும் கெடுத்திருக்காது. ஐயா அன்றிரவு தூங்கவில்லை என்பது அவரே சொன்னது. விடிந்ததும் வழி கண்டுவிட்டார். இரண்டையும் சமரசம் செய்துவிடுவது!

சமரச மாநாடு அந்த ஞாயிற்றுக்கிழமை கூடியது. ஆஜரானவர்கள் மூன்று பேர். ஐயா ஒருவர், பட்டர் ஒருவர். மூன்றாமவர் காஜிமார் தெருவில் குடைக்கடை வைத்திருந்த உமர் பாரூக் ராவுத்தர். ஐயாவின் முப்பது வருஷ சிநேகிதர். முன்பு அவர் கடை பத்திர ஆபீசுக்கு எதிரில் இருந்தது. சாட்சிக்கு ஆள் குறைந்தால் ஐயா ஜன்னல் வழியாகக் கைதட்டுவார். ராவுத்தர் குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

"ராவுத்தரே, உங்க மார்க்கத்துலயும் இந்தச் சிக்கல் இருக்குமில்ல? கையோட அதையும் முடிச்சிருவமா?" என்று ஐயா தாராளமாகக் கேட்டார்.

"எங்க ஜமாஅத்துல ஆதம் நபிக்கு மேல மூலப்பத்திரம் கேக்குற வழக்கம் இல்லைங்க. நீங்க உங்க பக்கத்தை முடிங்க. நான் எப்பவும் போல சாட்சிக்கு இருக்கேன்."

பட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதிலே சமரசத்துக்கு என்ன இருக்கு? சீமைக்காரன் சொன்னதெல்லாம் நம்ம தசாவதாரத்திலே இருக்கறதுதான். முதல்லே மச்சம், ஜலத்திலே. அப்புறம் கூர்மம், ஜலத்திலும் தரையிலும். அப்புறம் வராகம், தரையிலே. அப்புறம் பாதி மிருகம் பாதி மனுஷன். அப்புறம் குள்ளமா ஒரு மனுஷன். அப்படியே காப்பி அடிச்சிருக்கான்."

"பேஷ்!" என்றார் ஐயா.

"மீனு இருக்கு, ஆமை இருக்கு, பன்னி இருக்கு," என்று ராவுத்தர் விரல் விட்டுப் பார்த்தார். "குரங்கைக் காணோமே சாமி?"

பட்டர் தாமும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இத்தனை வருஷம் தினமும் சொல்லிவந்த பத்து அவதாரங்களில் குரங்கு விட்டுப்போயிருப்பதை அவர் அன்றுதான் கவனித்தார். ஐயா கை உயர்த்தி அமைதிப்படுத்தினார். பத்திரத்தில் ஒரு பெயர் விட்டுப்போனால் அதற்குப் பிழைதிருத்தல் பத்திரம் போடும் வழக்கம் தெரியாதவரா அவர்?

"ராமாவதாரத்துல பக்கத்துலயே ஆஞ்சநேயர் இருக்காருல்ல? அங்கேதான் சொத்து கைமாறுது. மனுஷனுக்கு மூலப்பத்திரம் ஆஞ்சநேயர். விஞ்ஞானத்துக்குக் குரங்கு, நமக்குத் தெய்வம். ரெண்டும் ஒரே ஆசாமி. என் பாட்டனார் குரங்குன்னு நான் சொன்னது நாத்திகம் இல்லைய்யா. பக்தி! கோயில் எங்க பாட்டன் கோயில். நான் பரம்பரை தர்மகர்த்தா!"

சொல்லி முடித்தபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது. பட்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராவுத்தர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்குத் தெரியாமத்தான் கேக்குறேன். அவரு பிரம்மச்சாரியில்ல?" என்றார்.

ராவுத்தர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கல்யாணமே கட்டாதவருக்கு நீங்க எப்பிடிங்க பேரன்?"

ஐயா எழுந்து இரண்டு நடை நடந்தார். நெற்றியைத் தடவினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். "நேர் வாரிசு இல்லாமப் போனா சொத்து யாருக்குப் போகும் ராவுத்தரே? பங்காளிக்கு! நாங்க சுக்ரீவன் வகை!"

அதற்குப்பின் காரியம் மளமளவென்று நடந்தது. மனிதனுக்கு வால் எங்கே போயிற்று என்ற கேள்வி எழுந்தது. லங்கையில் தீ வைத்தார்களே, அப்போது போயிற்று என்றார் பட்டர். எரிந்தது ஆஞ்சநேயர் வால்தானே, சுக்ரீவன் வகைக்கு வால் எப்படிப் போயிற்று என்றார் ராவுத்தர். பெரியவருக்கு அப்படி ஒரு துன்பம் வந்தபோது பங்காளிகள் தங்கள் வாலையும் எடுத்துவிட்டார்கள், மொட்டை போடுவது மாதிரி என்று பட்டரே முடிச்சை அவிழ்த்தார். குரங்கிலிருந்துதான் மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்காகவே இருக்கிறவர்கள் யார் என்ற கேள்விக்கு ஐயா யோசிக்கவே இல்லை.

"மைனர்கள். பாகம் பிரியாதவர்கள். அவங்களுக்கும் கோயில்ல சமபாத்தியதை உண்டு."

ஐந்தே முக்காலுக்கு 'சமரச சாசனம்' எழுதி முடிந்தது. 'மனுஷ ஜாதி என்கிற சொத்துக்கு, வில்லங்கம் ஏதுமில்லாத முன்னோராகிய வானர ஜாதியார்...' என்று தொடங்கி, வடக்கே கிஷ்கிந்தை, தெற்கே லங்கை என்று எல்லை போட்டு, பதினோரு ஷரத்துக்கள். ராவுத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது, "விஷயத்துக்கு இல்லைங்க, நீங்க எழுதினதைப் பார்த்தேன்னுதான் போடுறேன்," என்று சொல்லிவிட்டே போட்டார்.

சாசனத்தை வருகிற சனிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் பகிரங்கமாக வாசிப்பதென்றும், வாசித்து முடிந்ததும் நியமனத்தை அறிவிப்பதென்றும் பட்டர் கமிட்டியிடம் பேசி ஏற்பாடு செய்தார். ஒரு நகல் கலெக்டருக்கு. இனி ஒரே ஓர் இடைஞ்சல்தான் பாக்கி. அது முன்னோர்கள்.

கோயிலைச் சுற்றி நாற்பது ஐம்பது குரங்குகள். தேங்காய் மூடி, பழம், பெண்கள் தலைப்பூ எதையும் விடாது. விழா நாளில் அவை புகுந்து காரியத்தைக் கெடுத்துவிட்டால்? ஐயாவுக்கு வில்லாபுரத்தில் நஞ்சை உண்டு. அதில் வேலை செய்யும் வீரணன் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆள். சின்ன வயதிலிருந்து கடலைக் காட்டில் குரங்குக் காவல் இருந்து பழகியவன். அவனை ஐயா கூப்பிட்டனுப்பினார். கொல்லைப் பக்கம் வந்து, வழக்கமாக நிற்கும் தூரத்தில், வழக்கமாகக் குனியும் அளவுக்குக் குனிந்து நின்றான்.

"வீரணா, சனிக்கிழமை கோயில் வாசல்ல நின்னு குரங்குகளைப் பார்த்துக்க. ஆனா அடிக்கக் கூடாது. கல் எறியக் கூடாது. வையக் கூடாது. அவங்க பெரியவங்க."

"யாருங்கய்யா?"

"குரங்குகள்தான்."

வீரணன் ஐயாவின் முகத்தைக் கவலையோடு பார்த்தான். வெயிலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டாரோ என்னவோ. "அப்ப எப்பிடிங்கய்யா வெரட்டுறது? போய்ட்டு வாங்கன்னு சொல்லணுமா?"

"மரியாதையா அப்புறப்படுத்து. அவ்வளவுதான்."

"உள்ள போயிருச்சுன்னா?"

"போகட்டும். அவங்களுக்குப் பாத்தியதை உண்டு. நீ மட்டும் வாசலைத் தாண்டிராத. சொல்லணும்கிறதில்ல, இருந்தாலும் சொல்லுறேன்."

"தெரியுங்கய்யா," என்றான் வீரணன். போகத் திரும்பியவன் நின்றான். "அம்புட்டு சனமும் குரங்குலேருந்துதான் வந்தோம்னு பேசிக்கிறாக. நாங்களுமாங்கய்யா?"

ஐயா சாசனத்தின் பதினோரு ஷரத்தையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். இதைப் பற்றி ஒன்றும் எழுதியதாக நினைவில்லை. "நீ குரங்கைப் பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை. மண்டபத்தில் ஜமக்காளம், நடுவில் ஐயாவுக்குப் பட்டு மெத்தை போட்ட ஆசனம், எதிரே கமிட்டியார், அவர்களுக்குப் பின்னால் பக்தகோடிகள், தூண் ஓரத்தில் செல்லக்கிளி அம்மாள். வெளியே வாசலில் வீரணன், மடியில் கடலையோடு. பக்கத்தில் ராவுத்தர், தம் கடைக் குடையைப் பிடித்துக்கொண்டு. சாட்சியாக வந்தவர், உள்ளே போவது முறையில்லை என்று தாமே வெளியில் நின்றுகொண்டார்.

ஐயா மூக்குக் கண்ணாடியை மாட்டினார். மாட்டாவிட்டால் ஐயாவுக்கு உலகம் கஞ்சித் தண்ணீர். கமிட்டித் தலைவருக்கும் ஆட்டுரலுக்கும் வித்தியாசம் தெரியாது. குரலைக் கனைத்து வாசிக்கத் தொடங்கினார். முதல் ஷரத்தில் பட்டர் தலையாட்டினார். இரண்டாவதில் கமிட்டித் தலைவர் தலையாட்டினார். மூன்றாவது ஷரத்தில், 'எமது வணக்கத்துக்குரிய முன்னோர்களாகிய' என்ற இடத்தில், தூண் உச்சியிலிருந்து வணக்கத்துக்குரிய முன்னோர் ஒருவர் தொப்பென்று ஐயாவின் மடியில் குதித்து, கன்னத்தில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, மண்டபத்துக்குப் பின்புறம் மறைந்தார்.

"பிடி! பிடி!"

"அடிக்காதீர்கள்! மைனர்!" என்று அலறினார் ஐயா.

"மடப்பள்ளிப் பக்கம் போயிடுத்து!" என்றார் பட்டர். அங்கே புளியோதரை இருந்தது. அதனால் பக்தகோடிகள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தத் திசையில் ஓடினார்கள். கமிட்டியார் அவர்களுக்கு முன்னால் ஓடினார்கள், செல்லக்கிளி அம்மாள் பின்னால் ஓடினாள்.

குரங்கு மடப்பள்ளிக்குப் போகவில்லை. வாசலில் வீரணன் நாக்கை மேலண்ணத்தில் தட்டி, கடலைக் காட்டில் கொடுப்பானே, அந்த 'டக் டக்' சத்தத்தைக் கொடுத்தான். குரங்கு மதிலேறி வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தது. அவன் ஒரு கை கடலையை நீட்டினான். அது கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டுக் கடலையை வாங்கிக்கொண்டது. ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை. 'பாகப்பிரிவினைன்னா இப்பிடி இருக்கணும்,' என்று ராவுத்தர் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

கண்ணாடி வந்துவிட்டது. கொடுக்க ஆள் வேண்டுமே? உள்ளே பார்த்தால் மண்டபத்தில் ஐயா ஒருவர்தான். கையைத் துழாவிக்கொண்டு ஜமக்காளத்தைத் தாண்டி, மண்டபத்தின் விளிம்புக்கே வந்துவிட்டார். விளிம்புக்குக் கீழே ஆளுயரப் பள்ளம், கருங்கல் தளம்.

"ஐயா! நில்லுங்கய்யா!" என்று வீரணன் கத்தினான். பின்புறத்துக் கூச்சலில் அது ஐயாவின் காதில் விழவில்லை. இன்னொரு எட்டு வைத்தார். வீரணன் ராவுத்தரைப் பார்த்தான், வாசல் படியைப் பார்த்தான். பிறகு ஒன்றையும் பார்க்கவில்லை. நாலு பாய்ச்சலில் உள்ளே ஓடி மண்டபத்தில் ஏறிவிட்டான்.

ஏறியதும் பழக்க தோஷம். ஐயாவுக்கு எதிரே வந்தவுடன் அவன் முதுகு தானாகக் குனிந்துகொண்டது.

ஐயா அதைத்தான் பார்த்தார். கஞ்சித் தண்ணீருக்குள், வாசல் திசையிலிருந்து, பாய்ந்து பாய்ந்து வந்து, எதிரே குனிந்து நிற்கும் ஓர் உருவம். அவர் நெஞ்சு நிறைந்துபோயிற்று. மூன்றாம் ஷரத்துக்குள்ளேயே பலன் கிடைத்துவிட்டதே! கோபித்துக்கொண்டு போன முன்னோர் மனமிரங்கித் திரும்பி வந்திருக்கிறார்! இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார்.

"வர வேண்டும், வர வேண்டும்! இது தங்கள் கோயில். தங்கள் வீடு. உள்ளே வர வேண்டும், பெரியவரே!"

வீரணன் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

"ஐயா..." என்றான்.

ஐயாவுக்குப் புல்லரித்தது. "பேசுகிறது! பட்டரே, ஓடிவாரும்! பேசுகிறது! பரிணாமம் என் கண்ணெதிரே நடக்கிறது!"

மடப்பள்ளிப் பக்கம் போனவர்கள், வாயில் புளியோதரையோடு, ஒவ்வொருவராகத் திரும்பிவந்து நின்றார்கள். நின்றவர்கள் விழுங்கவும் இல்லை, மெல்லவும் இல்லை. அவர்கள் கண்ணெதிரே ரிட்டையர்டு சப்-ரிஜிஸ்திரார் அவர்கள் வீரணனைத் தோளைத் தொட்டு அணைத்து, பட்டு மெத்தை ஆசனத்துக்கு அழைத்துப் போய், "அடியேன் சுக்ரீவன் வகை. ஆசனத்தில் எழுந்தருள வேண்டும்," என்று குனிந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வேணாம்யா, வேணாம்யா," என்று கூசிப்போய் இரண்டு அடி பின்வாங்கிய வீரணன், வேறு வழி தெரியாமல் கண்ணாடியை அவர் கையில் திணித்தான். "மாட்டிக்கங்க ஐயா."

ஐயா மாட்டிக்கொண்டார்.

கஞ்சித் தண்ணீர் தெளிந்தது. முதலில் முண்டாசு தெரிந்தது. பிறகு மூக்கு. பிறகு வில்லாபுரம் நஞ்சையில் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் பார்த்துவந்த முகம்.

"அடப் பாவி!" ஐயாவின் குரல் மண்டபத் தூண்களில் மோதித் திரும்பியது. "வீரணனா! உன்னை எவன்டா உள்ளே விட்டது?"

"நீங்கதானய்யா," என்றான் வீரணன். அவன் எதிர்த்துப் பேசவில்லை; கேட்டதற்குப் பதில் சொன்னான். "ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டு, உள்ள வாங்க பெரியவரேன்னீக. இம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டுத்தான இருக்காக."

அத்தனை முகங்களும் ஐயாவின் பக்கம் திரும்பின. செல்லக்கிளி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பட்டரின் முகம் சிவந்திருந்தது. கமிட்டித் தலைவர் வாயிலிருந்ததை ஒருவழியாக விழுங்கிவிட்டு முன்னால் வந்தார்.

"ரிஜிஸ்தர், அவன் சொல்றது நெசமா? நீர்தான் கூப்பிட்டீரா? காலைத் தொட்டது நாங்களே பாத்தோம். இதுக்கு நீர் சமாதானம் சொல்லியாகணும். இல்லாட்டி நியமனம் இப்பவே ரத்து."

ஐயாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பரிவட்டம் கண்ணெதிரே கழன்று காற்றில் பறப்பது போலிருந்தது. ஆனால் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் வீண் போகுமா? நிமிர்ந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். மேலே எவரும் ஒரு கேள்வி கேட்க முடியாதபடி, மண்டபமே கேட்கும்படி, கணீரென்று சொன்னார்:

"குரங்குன்னு நெனச்சுத்தான்யா உள்ளே கூப்பிட்டேன்! மனுஷன்னு தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பேனா?"

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எத்தனை நியாயமான பதில்!

"அப்படிச் சொல்லுங்கோ!" என்றார் பட்டர். "அதானே பார்த்தேன்!" என்றார் கமிட்டித் தலைவர். விளக்கம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. வீரணன் மிதித்த இடத்தையெல்லாம் பதினோரு குடம் தண்ணீர் விட்டுக் கழுவ உத்தரவாயிற்று. கழுவுகிற ஈரம் காலில் படாமல் ஒரு பெரிய குரங்கு ஆசனத்து மெத்தையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை யாரும் எழுப்பவில்லை. அதன் பக்கத்தில் நின்றபடியே ரிஜிஸ்தர் ஐயா தலையைக் குனிய, பட்டர் பரிவட்டம் கட்டினார். மதமும் விஞ்ஞானமும் அன்று ஒன்றாயின.

வீரணன் வாசலைத் தாண்டி வெளியே வந்தான். தோளில் ஐயா தொட்ட இடத்தைத் துண்டால் ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டான். ராவுத்தர் குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"என்ன வீரணா, உள்ள ஒரே சத்தமாக் கெடந்துச்சே. என்னதான் நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல ராவுத்தரய்யா. கொஞ்ச நேரம் குரங்கா இருந்தேன், கும்புட்டாக. அதுக்குள்ள மனுசனாயிட்டேன்."